புரோக்கர் யார் பக்கம்?

மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்க்கப் போனோம். கூட வந்த புரோக்கர் அண்ணன் அவ்வளவு பொறுப்பாகப் பேசினார், மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்று சமையலறைக் குழாயைத் திறந்தே காட்டினார், அந்த நம்பிக்கையில் "60 லட்சம் சொல்லுங்கண்ணா, முடியலைன்னா 62 வரைக்கும் போகலாம்" என்று வாயை விட்டுவிட்டேன். மறுநாள் ஓனர் 62-க்குக் கீழே பேச்சே இல்லை என்றார்.

புரோக்கர் அண்ணனைத் திட்ட எனக்கு மனசில்லை. நம் ஊரில் பெரும்பாலும் ஒரே புரோக்கர் வாங்குபவர், விற்பவர் இரண்டு பேரிடமும் கமிஷன் வாங்குகிறார், அதுவும் விலையில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று. பேரம் படிந்தால்தான் அவருக்குக் காசு, விலை ஏறினால் கமிஷனும் ஏறும். அப்புறம் எப்படி அவர் நமக்காக மட்டும் பேசுவார்? பில்டரின் புது ஃபிளாட் என்றால் அவருக்குப் பில்டரே கமிஷன் தருவதும் உண்டு.

2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி, பதிவான புராஜெக்ட்டில் வீடு விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேளுங்கள். ஆனால் பதிவு எண் இருப்பதால் அவர் உங்கள் ஆள் ஆகிவிட மாட்டார்.

அடுத்த வீட்டுக்கு, முதல் நாளே "அந்தப் பக்கமும் கமிஷன் உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றார். சரி, எங்கள் உச்ச விலையை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம், வில்லங்கச் சான்றையும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) தாய்ப்பத்திரத்தையும் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) நாங்களே தேடிப்பிடித்த வக்கீலிடம் கொடுத்தோம்.