தரமணி அல்ஜீப்ரா நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

இன்று மாட்யூல் தொடங்கியது. பிஎச்.டி. முதல் வருடப் பாடத்தில் குரூப், ரிங், ஃபீல்ட் எல்லாம் எம்.எஸ்சி.யிலேயே பழகியவை. மாட்யூலைத்தான் அங்கே கடைசி வாரத்தில் அவசரமாகக் கடந்திருந்தோம்.

வெக்டர் ஸ்பேஸில் ஸ்கேலர்கள் ஒரு ஃபீல்டிலிருந்து வருகின்றன. பூஜ்யத்தைத் தவிர எதனாலும் வகுக்கலாம். ஃபீல்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரிங்கை, அதாவது கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிந்து, வகுக்க முடியும் என்ற உறுதி இல்லாத ஒன்றை, வைத்தால் மாட்யூல். மாற்றம் அவ்வளவுதான், ஆனால் வகுத்தல் போனதுமே பேஸிஸ் (எல்லா உறுப்புகளையும் ஒரே விதமாக எழுத உதவும் உறுப்புகள்) இருக்கும் என்ற உறுதியும் போய்விடுகிறது. மாடுலோ 6 எண்களை முழு எண்களின் மேல் மாட்யூலாகப் பார்த்தால், எந்த உறுப்பையும் 6-ஆல் பெருக்கினால் பூஜ்யம். ஒற்றை உறுப்புகூட இன்டிபென்டென்ட் இல்லை. பிறகு பேஸிஸ் எங்கிருந்து வரும்? பேஸிஸ் உள்ள மாட்யூலுக்கு ஃப்ரீ என்று தனியாகப் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பு முடியும்போது சார், "இதுல டார்ஷன் இருக்கு, அதனால பேஸிஸ் இல்ல. சரி, டார்ஷன் இல்லாட்டி பேஸிஸ் வந்துடுமா?" என்று கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். டார்ஷன் என்றால், பூஜ்யமல்லாத ஓர் உறுப்பு பூஜ்யமல்லாத ஸ்கேலரால் பெருக்கும்போது பூஜ்யமாவது.

ஆகஸ்ட் 8, வியாழன்

வராது. திருவல்லிக்கேணியிலிருந்து பறக்கும் ரயிலில் வரும்போதே பதில் கிடைத்தது. எக்ஸ், ஒய் என்ற இரண்டு வேரியபிள் பாலினாமியல்களின் ரிங்கில், எக்ஸும் ஒய்யும் உண்டாக்கும் ஐடியலை, அதாவது எக்ஸின் மடங்கையும் ஒய்யின் மடங்கையும் கூட்டிக் கிடைக்கும் எல்லாவற்றையும், எடுத்துக்கொண்டால் போதும். டார்ஷன் கிடையாது. ஆனால் ஐடியலுக்குள் எந்த இரண்டு பாலினாமியல்களை எடுத்தாலும், ஒன்றை மற்றதால் பெருக்கி, மற்றதை இதனால் பெருக்கிக் கழித்தால் பூஜ்யம். ஆக இரண்டு உறுப்புகள் இன்டிபென்டென்ட் ஆக முடியாது. பேஸிஸ் இருந்தால் அதில் ஒரே உறுப்புதான். அந்த ஒன்று எக்ஸையும் ஒய்யையும் வகுக்க வேண்டும். அப்படி வகுப்பவை மாறிலிகள் மட்டுமே, அவை ஐடியலில் இல்லை. முடிந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

ப்ரொஜெக்டிவ் மாட்யூல். புத்தகங்கள் வரையறையை மூன்று விதமாகச் சொல்கின்றன, மூன்றும் சமம். சீனியர் அக்காவிடம் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டேன்.

"தியரம் ப்ரூவ் பண்ண லிஃப்டிங்கை வச்சுக்கோ. கையால கணக்குப் போட டைரக்ட் சம்மண்ட். ரெண்டையும் கலக்காத" என்றார். டைரக்ட் சம்மண்ட் வரையறை இது: இன்னொரு மாட்யூலோடு நேர்கூட்டலில் சேர்ந்து ஃப்ரீ ஆகுமானால் அது ப்ரொஜெக்டிவ். தனக்கென்று பேஸிஸ் இருக்க வேண்டியதில்லை. பேஸிஸ் உள்ள ஒன்றின் சரியான துண்டாக இருந்தால் போதும்.

எனக்கு இந்த வரையறை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஃப்ரீ அல்லாத ப்ரொஜெக்டிவ் ஒன்றை நானே கையால் தொட்டுப் பார்க்காமல் மேலே போக மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

தொட்டுப் பார்த்தேன். விவரமாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த புத்தகங்களில் இந்தக் கணக்கைக் கடைசி வரை போட்டுக் காட்டுவதில்லை.

முழு எண்களோடு √−5-ஐச் சேர்த்த ரிங். அல்ஜீப்ரா படித்த எல்லோருக்கும் இது தெரியும், காரணம் 6 = 2 × 3 = (1 + √−5)(1 − √−5). காரணிப்படுத்தல் ஒன்றேதான் என்ற நம்பிக்கை உடையும் இடம். இதை நேராக்கத்தான் 1840-களில் கும்மர் ஐடியல் எண்களைக் கொண்டுவந்தார். 1871-இல் டெடகின்ட் அதை இன்றைய ஐடியலாக்கினார்.

2-உம் 1 + √−5-உம் உண்டாக்கும் ஐடியலை எடுத்துக்கொள்வோம். அது ஒரே உறுப்பால் உண்டாவதல்ல. உண்டானால் அந்த உறுப்பின் நார்ம் 4-ஐயும் 6-ஐயும் வகுக்க வேண்டும், அதாவது 1 அல்லது 2. நார்ம் என்பது ஒரு வர்க்கத்தோடு இன்னொரு வர்க்கத்தின் ஐந்து மடங்கைக் கூட்டியது. அது 2 ஆகவே முடியாது. 1 ஆனால் ஐடியல் முழு ரிங்காகிவிடும், ஆனால் 1 இந்த ஐடியலில் இல்லை. ஆகவே, முன்பு சொன்ன அதே காரணத்தால், ஃப்ரீ இல்லை.

இனி ப்ரொஜெக்டிவ் பக்கம். ரிங்கின் இரண்டு பிரதிகளிலிருந்து ஐடியலுக்கு ஒரு மேப் உண்டு: முதல் எண்ணை 2-ஆல் பெருக்கு, இரண்டாவதை 1 + √−5-ஆல் பெருக்கு, கூட்டு. இதற்குத் திரும்பி வரும் வழி வேண்டும். ஐடியலில் உள்ள எந்த உறுப்பையும் ஒரு ஜோடியாக்குகிறேன்: முதலில் அதன் மைனஸ், இரண்டாவதாக அதை 1 − √−5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தது. 2-ஆல் வகுக்கலாமா? 2-ஐப் போட்டால் 1 − √−5 வருகிறது. 1 + √−5-ஐப் போட்டால் 3 வருகிறது. இரண்டும் ரிங்குக்குள்ளேயே இருக்கின்றன. இப்போது ஜோடியை மேப்பில் போட்டால், உறுப்பின் −2 மடங்கு, அதோடு 6-இன் பாதியான 3 மடங்கு. கூட்டினால் அதே உறுப்பு!

6-இன் இரண்டாவது காரணிப்படுத்தல் இல்லாவிட்டால் அந்த 3 வந்திருக்காது. பேஸிஸ் இல்லாமல் போனதற்கும், அப்படியும் ஃப்ரீ மாட்யூலின் துண்டாக இருப்பதற்கும் ஒரே சமன்பாடுதான் காரணம். மிச்சமிருக்கும் துண்டு என்ன என்று பார்த்தேன்: அதே ஐடியலின் இன்னொரு பிரதி. தனியே பேஸிஸ் இல்லாத ஒன்று, தன் பிரதியோடு சேர்ந்தால் ஃப்ரீ. இரவு மேன்ஷனில் கரண்ட் போன பிறகும் செல்போன் வெளிச்சத்தில் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி, வகுப்பில்லை. நோட்ஸ் மட்டும் புரட்டினேன். லோக்கல் ரிங்கின் (வகுக்க உதவாத இரண்டைக் கூட்டினாலும் வகுக்க உதவாததே வரும் ரிங்) மேல் எல்லா ப்ரொஜெக்டிவும் ஃப்ரீ: நிரூபித்தவர் காப்ளான்ஸ்கி, 1958.

செப்டம்பர் 12, வியாழன்

பாலினாமியல் ரிங்கில் ஃப்ரீ அல்லாத ப்ரொஜெக்டிவ் உண்டா? எக்ஸும் ஒய்யும் சேர்ந்த ஐடியல் உதவாது, அது ப்ரொஜெக்டிவே அல்ல. 1955-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர், ஃபீல்டின் மேலுள்ள பாலினாமியல் ரிங்கில் ஃபைனைட்லி ஜெனரேட்டட் (எண்ணி முடிக்கக்கூடிய சில உறுப்புகளால் உண்டாகும்) ப்ரொஜெக்டிவ் எல்லாம் ஃப்ரீயா என்று தெரியவில்லை என்று எழுதினார். ஒரு வேரியபிளுக்கு எளிது. இரண்டு வேரியபிளுக்கு 1958-இல் நிரூபித்தவர் சி. எஸ். சேஷாத்ரி. அப்போது அவருக்கு வயது 26.

காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்து நுங்கம்பாக்கம் லயோலாவில் படித்தவர். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த ஃபாதர் ரசீன், எலி கார்த்தானிடம் ஆய்வு செய்துவிட்டு வந்த பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார். உயிரோட்டமான கணிதம் எது என்று மாணவர்களுக்குச் சொல்லி பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தவர். சேஷாத்ரி 1984-இல் பம்பாயிலிருந்து இந்தத் தரமணிக்கே, மேத்சயின்ஸ் என்று அழைக்கப்படும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். 1989-இல் அவர் தொடங்கியதுதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம். 2020-இல் சென்னையிலேயே மறைந்தார்.

பாடத்தில் செர் கேள்வியின் பதிலைப் பெரும்பாலும் குய்லன், சுஸ்லின் பெயரில்தான் சொல்கிறோம். எத்தனை வேரியபிள் இருந்தாலும் ஃப்ரீ என்று 1976-இல் இருவரும் தனித்தனியாக நிரூபித்தார்கள், அதனால் அந்தப் பெயர் நியாயம். ஆனால் அதற்கு முந்தைய பதினெட்டு வருடங்களில் இரண்டு வேரியபிளிலிருந்து மூன்றுக்குப் போவதே எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் தேற்றத்தை மட்டும் எழுதிப்போட்டால் மாணவனுக்கு அதன் எடை தெரியாது. இதை நான் அழுத்தமாகவே நம்புகிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. விடுமுறை அறிவித்துவிட்டார்கள். தெருவில் தண்ணீர், அறையிலேயே வேலை.

செர் கேள்வியைக் கடைசியில் யூனிமாடுலர் ரோவாகச் சுருக்கிவிடலாம். ஒரு வரிசையில் உள்ள உறுப்புகள் சேர்ந்து 1-ஐ உண்டாக்கினால், அந்த வரிசையை முதல் வரிசையாகக் கொண்டு இன்வெர்டிபிள் மேட்ரிக்ஸ் எழுத முடியுமா? இரண்டே உறுப்பு என்றால் எப்போதும் முடியும்: 1-ஐத் தரும் கெழுக்களையே இரண்டாவது வரிசையில் குறி மாற்றி வைத்தால் டிடர்மினன்ட் 1.

மூன்று உறுப்பில் சறுக்குகிறது. எக்ஸ், ஒய், இசட் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1 என்று வைத்த ரியல் பாலினாமியல் ரிங். எக்ஸ், ஒய், இசட் என்ற வரிசை யூனிமாடுலர், அந்தச் சமன்பாடே சாட்சி. மேட்ரிக்ஸை முடிக்க முடிந்தால், இரண்டாவது வரிசை கோளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அந்தப் புள்ளியின் திசையிலிருந்து விலகி நிற்கும் வெக்டரைத் தரும். அதைத் தொடுதளத்தில் வீழ்த்தினால் எங்கும் பூஜ்யமாகாத வெக்டர் ஃபீல்ட். கோளத்தின் மேல் அப்படி ஒன்று கிடையாது என்று டோபாலஜி சொல்கிறது. ஆக முடிக்க முடியாது. அல்ஜீப்ராக் கேள்விக்கு டோபாலஜி வந்து 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

நவம்பர் 6, புதன்

செமினாரில் நான் பேசினேன். யூனிமாடுலர் ரோ வழியாகக் குய்லன், சுஸ்லின் தேற்றம்தான்: வேரியபிள்களை மாற்றி ஒரு உறுப்பை மோனிக் (உயர்ந்த அடுக்கின் கெழு 1) ஆக்கு, ஹாராக்ஸ் தேற்றத்தால் லோக்கலாகத் தீர், ஒட்டு, ஒரு வேரியபிளுக்கு 0 போடு, மீதி இன்டக்‌ஷன். கடைசியில் கோளத்தையும் காட்டினேன்.

சார் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "ரியலை எடுத்துட்டு காம்ப்ளெக்ஸ் போட்டா?"

பலகையிலேயே போட்டேன். ஒய்யை ஐ-ஆல், அதாவது −1-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி எக்ஸோடு கூட்டினேன்; இப்படி மாற்றுவது இன்வெர்டிபிள். இப்போது வரிசை: எக்ஸ் + ஐ ஒய், ஒய், இசட். எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் சேர்ந்து (எக்ஸ் + ஐ ஒய்)(எக்ஸ் − ஐ ஒய்) என்று பிரிவதால், முதல் உறுப்பும் இசட்டும் மட்டுமே 1-ஐ உண்டாக்கிவிடுகின்றன. நடுவில் உள்ள ஒய்யை அவற்றால் 1 ஆக்கலாம், பிறகு அந்த 1-ஆல் மற்ற இரண்டையும் பூஜ்யமாக்கலாம். மேட்ரிக்ஸ் முடிகிறது, மாட்யூல் ஃப்ரீ.

"சரி. ரியலுக்கு இது ஏன் ஓடாதுன்னு வெள்ளிக்கிழமை வந்து சொல்லு, டோபாலஜி பேரைச் சொல்லாம" என்றார் சார். அக்கா முடியாது என்கிறார். நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.