ஓர் எழுத்தும் மூன்று மட்டைகளும்

சர்வதேச இளையோர் சாஃப்ட்பால் போட்டிக்கு எங்கள் பெண்கள் அணியின் மேலாளராகப் போய்த் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. அலைச்சல் தீர்ந்துவிட்டது, ஆத்திரம் தீரவில்லை. அடுத்து போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

விசா, டிக்கெட், காப்பீடு எல்லாம் ஒழுங்காக முடிந்தன. சிக்கியது ஓர் எழுத்தில். எங்கள் முதன்மை பிட்சரின், அதாவது பந்து வீசும் பெண்ணின், பெயர் பாஸ்போர்ட்டில் சரியாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. திருத்தித் தரச் சொல்லி, சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்தவர் தலை நிமிராமலே, "பாஸ்போர்ட் இருந்தால் போதும் மேடம், இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை" என்று அனுப்பிவிட்டார். அதை எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போட்டிப் பதிவுக் குழுவிடமிருந்து பதில் வந்தது: ஆவணங்கள் பொருந்தவில்லை, வயதை உறுதிசெய்ய முடியாது. வயது வரம்புள்ள போட்டியில் அவர்கள் கறாராக இருப்பது நியாயம்தான். மறுபடி அதே கவுண்ட்டர், அதே மனிதர். "பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? வெளியூரில் வேலை செய்யும் அவளுடைய அப்பா இரவு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அன்று பார்த்து அந்த மனிதர் விடுப்பு. அவர் வேலையைப் பார்க்க வேறு ஆள் இல்லையாம்.

வராந்தா பெஞ்சில் ஆவணக் கோப்பு ஒன்றை மடியில் அணைத்தபடி அந்தப் பெண், "அக்கா, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. நேராக மேலதிகாரியின் அறைக்குள் போனேன். அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார். பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். பதிவு முடிய இரண்டே நாள் இருந்தது.

நீங்களும் அப்படித்தான் பாருங்கள். ஆவணங்களைத் தனித்தனியாகச் சரிபார்த்தால் பிழை தெரியாது. பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்.

மருந்துகளையும் விடாதீர்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலரை ஊக்கமருந்து விதிகள் குறிப்பிட்ட அளவுவரை அனுமதிக்கின்றன. அதே மருந்து இருமல் சிரப்பில் இருந்தால் தடை. அக்கறையோடு அம்மா பையில் வைத்துவிடும் பாட்டிலே பிள்ளைக்கு வினையாகிவிடும்.

போன இடத்திலும் ஓர் அடி காத்திருந்தது. முதல் ஆட்டத்துக்கு முன் மட்டைச் சோதனை. நடுவர் ஒவ்வொரு மட்டையின் மீதும் ஒரு வளையத்தை நுழைத்து இழுக்கிறார். மட்டையின் பருமன் 2.25 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் மட்டை ஒன்றில், கண்ணுக்கே தெரியாத ஒரு புடைப்பில் வளையம் நின்றுவிட்டது. இன்னொன்றைக் காதருகே குலுக்கினார். உள்ளே ஏதோ கலகலத்தது. மூன்றாவதில் கீறல். ஒன்பதில் மூன்று ஒரே மூச்சில் போயின. போட்டிக்கான மட்டைகளைப் பயிற்சியில் தொடவே விடாதீர்கள். விமானத்தில் அவற்றைக் கைப்பையோடு கொண்டுபோக முடியாது. எடை போட்டு அனுப்பும் பெட்டிகளில்தான் சேர்க்க வேண்டும்.

மிஞ்சிய ஆறு மட்டைகளோடுதான் ஆடினார்கள். இரண்டாவது ஆட்டம் ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் சமன். எட்டாவதன் முதல் பாதியில் நாங்கள் ஒரு ரன் எடுத்தோம். அடுத்து எதிரணியின் முறை. சமனை முறிப்பதற்கான டைபிரேக்கர் விதிப்படி அவர்களுடைய ஓட்டக்காரி அந்த முறை தொடங்கும்போதே, ரன்னுக்கான ஓட்டத்தில் பாதி வழியான இரண்டாம் பேஸில் நிற்கிறாள். எங்கள் பெண் பந்து வீசும் வட்டத்துக்குள் போய்க் காலால் மண்ணைச் சமன்செய்தாள், மூச்சை இழுத்துவிட்டாள், வீசினாள். மட்டை பிடித்த மூன்று பேரும் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் எங்களுடையது. ஓட்டக்காரி நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை. அந்தக் கவுண்ட்டர்காரர் இதைப் பார்த்திருக்க வேண்டும்.