தகரத்துக்குப் பின்னால்

"ஒரு தகட்டைக் கழற்றிக் காட்டட்டுமா?" என்று கேட்டார் பெரியவர். "வேண்டாங்க, தேவைப்படாது" என்றேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் இன்றும் எந்தப் பழைய கட்டடத்தின் முன் போய் நின்றாலும் அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

இளவயதில் அந்த மரவாடியில் வேலைக்குச் சேர்ந்து, அதை மூடும் வரை இருந்தவர் அவர். எங்களுக்குக் கதவைத் திறந்துவிட வந்தபோது சாவியோடு ஒரு திருப்புளியும் கொண்டுவந்திருந்தார். அதை அப்போதே கவனித்தேன், அதுதான் உறுத்துகிறது. காட்டிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறார்.

அமெரிக்காவில் மத்திய அரசின் பணத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தினால், 1966ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டப்படி வழியிலுள்ள பழைய கட்டடங்களைப் பார்த்தாக வேண்டும். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேரும் தகுதி அவற்றுக்கு உண்டா என்று எழுதுவது என் வேலை. பொதுவாக 50 ஆண்டுகள் தாண்டியிருக்க வேண்டும்; பழைய தன்மை கெடாமலும் இருக்க வேண்டும். இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு என்று ஏழு அளவுகோல்கள். அன்று என் பட்டியலில் இன்னும் பல கட்டடங்கள் பாக்கி இருந்தன.

மரவாடிக் கொட்டகை என்பது ஒரு தனி வகைக் கட்டடம். நடுவில் வண்டிப் பாதை. ஒரு வாசலில் நுழைந்த குதிரை வண்டி, திருப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் மறுவாசலில் வெளியேறிவிடும். இருபுறமும் மரம் அடுக்க இரண்டு நிலைத் தட்டுகள், மேல்நிலையை எட்ட ஒரு நடைபலகை. வெளிச்சுவரில் பலகைகளை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். உள்ளே காற்று ஓடாவிட்டால் ஈர மரம் முறுக்கிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். விஸ்கான்சின், மினசோட்டா காடுகளில் வெட்டிய வெள்ளைப் பைன் ஆற்றிலும் ரயிலிலுமாக மரமே இல்லாத புல்வெளி ஊர்களுக்கு வந்து இறங்கியது இப்படிப்பட்ட கொட்டகைகளில்தான். அந்த ஊரின் வீடுகளுக்கும் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் மரச்சட்டங்கள் அங்கிருந்துதான் போயிருக்கும். பழைய சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் மரக் கட்டடத்துக்கு மஞ்சள், செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு. ரயில்பாதையை ஒட்டிய அந்த நீள மஞ்சள் கட்டத்தை முந்தைய நாளே பார்த்து வைத்திருந்தேன். உள்ளே போய் ஒரு மரச்சட்டத்தை அளந்தால் முழுசாக 2 அங்குலக் கனம். இன்று 'டூ பை ஃபோர்', அதாவது இரண்டுக்கு நான்கு அங்குலம், என்று பெயர் சொல்லி வாங்கும் மரச்சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான். அந்த அளவைக் குறித்துக்கொண்டபோது வந்த மகிழ்ச்சி பொய்யில்லை.

இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் "தகுதி இல்லை" என்று எழுதினேன்.

காரணம் தகரம். வெளிச்சுவர் முழுக்க நெளி தகரம் போர்த்தியிருந்தது. பழைய முகப்பை ஒரு புதுப் போர்வை மறைத்திருந்தால், அடியில் எல்லாம் பத்திரமாக இருந்தாலும், போர்வையை நீக்கும் வரை தகுதி இல்லை என்றுதான் பதிவேட்டின் வழிகாட்டு நூல் கடைத்தெருக் கட்டடங்களைப் பற்றிச் சொல்கிறது. ஒரே ஒரு தகட்டைக் கழற்றியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாறியிருந்தாலும்தான் என்ன? தகுதி உண்டு என்பதற்காக இடிப்பு நின்றுவிடாது. உட்கார்ந்து யோசிக்கவும் பேசவும் அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தும், அவ்வளவே.

ஆனால் யோசித்திருப்பார்களே. குறைந்தபட்சம் அளவெடுத்து ஒரு முழு வரைபடமாவது போட்டிருப்பார்கள். கடை முகப்பு தெருவைப் பார்ப்பது. அதற்கான விதியைக் கொட்டகையின் மேல் ஏன் வைத்தேன்? கொட்டகையின் முகம் அதன் உட்புறம் இல்லையா? அது கண்ணெதிரே திறந்து கிடந்தது.

தகரத்தைப் பற்றி அவர் சொன்ன இன்னொன்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. 1970களின் தொடக்கத்தில் அதை அடித்தவர்களில் அவரும் ஒருவர். "அதுக்கு மேல காத்து தேவைப்படலை" என்றார். சூளையில் உலர்த்திய மரமும் ஒட்டுப்பலகையும் வந்துவிட்டன, இனிச் சுவர் மூச்சுவிட வேண்டியதில்லை, மழையைத் தடுத்தால் போதும் என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் அந்தத் தகரமும் மரவாடியின் வரலாறுதான். நான் போய் நின்ற நாளில் அதற்கே 50 வயது தாண்டியிருந்தது. அழிவு என்று நான் எழுதிய ஒன்று, அதே தொழிலின் அடுத்த அத்தியாயம். இதையும் வசதிக்காகச் சொல்லிக்கொள்கிறேனோ என்று சில நாள் தோன்றும். தகரத்தை ஏற்றுக்கொண்டால் பின்னால் இருந்த பலகையைப் பார்க்காமல் வந்த குற்றம் கொஞ்சம் குறைகிறதல்லவா?

கொட்டகை இப்போது இல்லை. ஆய்வுப் படங்களில் ஆட்கள் இருக்கக் கூடாது என்பதால், கிழக்குச் சுவரின் படத்தில் ஓரமாக விழுந்திருந்த அவர் கையை வெட்டிவிட்டுத்தான் அறிக்கையில் சேர்த்தேன். வெட்டாத படம் என்னிடம் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால், அவர் விரலுக்குக் கீழே தகட்டின் ஓரத்தில் ஒரு திருகு, ஏற்கெனவே பாதி கழன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.