படகுக்காரர் காட்டிய சாரஸ்

இந்த ஏரிக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் இன்று காலை ஏரியில் ஒரு பறவையை முன்னிட்டு நடந்த வழக்கை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது.

பேசிய வாடகைக்கு மேல் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் படகுக்காரர் துடுப்பையே தொட்டார். நாணல் ஓரத்தில் இடுப்பளவு உயரமுள்ள சாம்பல் நிறப் பறவை ஒன்று அசையாமல் நின்றது. அது சாரஸ் கொக்கு என்றும், அதைக் காட்டியதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும் அவர் அறிவித்தார். தங்குவதற்கு ஒதுக்கிய பணத்தில் பாதி ஏற்கெனவே கரைந்திருந்த நிலையில், இதை எப்படி ஏற்பது?

சாரஸும் சாம்பல் நிறம்தான். ஆனால் பெரிய நீர்ப்பறவைகளை நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் காண்பது வீண்வேலை. வளர்ந்த சாரஸ் 1.8 மீட்டர் வரை, அதாவது நெட்டையான ஓர் ஆளின் உயரத்துக்கு நிற்கும். அதன் தலையும் மேல்கழுத்தும் இறகின்றிச் சிவந்திருக்கும். என் எதிரே நின்றதோ 1 மீட்டரைத் தாண்டாது. அதன் வெண்ணிறத் தலையில் கண்ணுக்கு மேலே தொடங்கிய கரும்பட்டை பின்புறம் மெல்லிய கொண்டையாக நீண்டது, முன்கழுத்தில் கருங்கோடுகள் இறங்கின, மஞ்சள் அலகு குத்துவாள்போல் நேராக இருந்தது. சந்தேகமேயில்லை, 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயரிட்ட சாம்பல் நாரை!

இதில் நம் மொழியும் சற்றுக் காலை வாருகிறது. சாம்பல் நாரையும் செங்கால் நாரையும் பெயரளவில் உடன்பிறப்புகள், உண்மையில் வெவ்வேறு குடும்பங்கள். கொக்கு என்றாலோ வயல்வெளி வெள்ளைக் கொக்கும் சாரஸும் ஒன்றாகிவிடும். ஆகவே பெயரைச் சொல்லி வாதாட முடியவில்லை.

பறவையே தீர்ப்புச் சொன்னது. படகு நெருங்கியதும் கரகரத்த குரலில் கத்திக்கொண்டு எழுந்து, சில சிறகடிப்புகளுக்குள் கழுத்தைத் தோள்களுக்கிடையே மடித்துக்கொண்டு, கால்களை மட்டும் பின்னால் நீட்டிப் பறந்தது. சாரஸும் செங்கால் நாரையும் கழுத்தை நீட்டியே பறக்கும். சாம்பல் நாரையின் ஆறாவது கழுத்தெலும்பு நீண்டிருப்பதால்தான் இந்த மடிப்பு. மீனைக் குத்தும்போது கழுத்து விசையாகப் பாய்வதும் அதனால்தான். அத்துடன் நில்லாமல், நேரே சென்று ஒரு மரக்கிளையில் அமர்ந்தது. சாரஸின் பின்விரல் சிறிதாகி மேலேறியிருப்பதால் அதனால் கிளையைப் பற்ற முடியாது.

படகுக்காரர் கிளையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, அது சாரஸ் குஞ்சாக இருக்கலாம் என்றார். நான் தனிக் கட்டணம் தரவில்லை. கரை சேரும்வரை அவரும் என்னோடு பேசவில்லை.