கூண்டில் இறங்கியவர்கள்

1984 மார்ச்சில் தொடங்கிய பிரிட்டிஷ் நிலக்கரி வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போன எல்லோருக்கும் கிடைத்த பெயர் ஒன்றுதான்: கருங்காலி. ஆனால் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள்.

நாட்டிங்ஹாம்ஷயரில் கூண்டில், அதாவது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் லிஃப்டில், இறங்கியது பெருங்கூட்டம். அங்கே மாவட்ட வாக்கெடுப்பில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கம் தேசிய வாக்கெடுப்பு நடத்தவில்லை என்பது அவர்கள் வாதம். உற்பத்தி ஊக்கத்தொகையால் அங்கே கூலி கூடுதல் என்பதை அவ்வளவாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஷிப்டுக்கு ஆள் இருந்ததால் அங்கே கரி முகப்பு, அதாவது கரியை வெட்டியெடுக்கும் சுவர், நகர்ந்துகொண்டே இருந்தது. இது முக்கியம். வெட்டும் இயந்திரம் முகப்பின் நெடுக ஓட, பின்னாலேயே கூரையைத் தாங்கும் ஹைட்ராலிக் தாங்கிகளை முன்னே தள்ள வேண்டும். முகப்பு வாரக்கணக்கில் நின்றுவிட்டால் கூரையின் பாரம் தாங்கிகள் மேல் இறங்கும். அவை அசைக்க முடியாதபடி அழுந்திப்போகும், தரை உப்பி எழும். கரி எடுத்தபின் விட்டுவந்த பின்புறக் குழிவிடத்தில் காற்று கசிந்தால் மிச்சக் கரி தானாகவே சூடேறும். வேலைநிறுத்தம் நடந்த சுரங்கங்கள் பலவற்றில் முகப்புகள் இப்படித்தான் பறிபோயின.

இன்னொரு கண்ணி டெபுட்டிகள், அதாவது சுரங்கத்துக்குள் பாதுகாப்பைக் கவனிக்கும் மேற்பார்வையாளர்கள். ஷிப்டுக்கு முன் அவர்கள் சோதிக்காமல் யாரையும் முகப்புக்கு அனுப்ப அன்றைய சட்டம் இடம் தரவில்லை. மீத்தேன் 1.25 சதவீதம் தொட்டால் மின்சாரம் துண்டிப்பு. 2 தொட்டால் ஆட்கள் வெளியேற வேண்டியிருந்தது. டெபுட்டிகளுக்குத் தனிச் சங்கம். அந்த இலையுதிர் காலத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள். அவர்கள் நின்றிருந்தால் நாட்டிங்ஹாம்ஷயரும் நின்றிருக்கும். அக்டோபரில் அவர்கள் தலைமை பின்வாங்கியதுதான், வாயில் மறியல்களைவிட, முடிவைத் தீர்மானித்தது என்பேன்.

இரண்டாம் வகையினர் யார்க்‌ஷயர், சவுத் வேல்ஸ் பக்கம் ஒருவர் இருவராகத் திரும்பியவர்கள். கம்பிவலை அடித்த பஸ்ஸில் போலீஸ் காவலோடு உள்ளே போவார்கள். கூண்டு இயக்குபவர், டெபுட்டி, ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் வேண்டிய இடத்தில் இரண்டு பேர் என்ன கரி வெட்டுவது? பெரும்பாலும் மேலேயே சில்லறை வேலை. சுரங்கங்களை நடத்திய அரசு நிலக்கரி வாரியத்துக்கு வேண்டியது கரியல்ல, தலைக்கணக்கு. 1985 பிப்ரவரி 27-ல் பாதிக்கு மேல் திரும்பிவிட்டதாக அறிவித்தது. மார்ச் 3-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வேலைக்குத் திரும்ப முடிவெடுத்தது.

அதன்பின் இறங்கியவர்களுக்குப் பல முகப்புகளில் முதல் வேலை, அழுந்திய தாங்கிகளை விடுவிப்பது.