மின்வெட்டு காப்பாற்றிய சர்வர்

எங்கள் அலுவலகத்தின் காப்புப்பிரதிச் சர்வர், மற்ற எல்லாக் கணினிகளும் இருக்கும் அதே வலையமைப்பில், அதே நிர்வாகிக் கடவுச்சொல்லோடு இயங்கிவந்ததைச் சென்ற மாதம்தான் கவனித்தேன். அதை அமைத்ததும் நானே என்பதால் யாரையும் குறைசொல்ல வழியில்லை.

உடனே நினைவுக்கு வந்தது மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதை. 2017 ஜூனில், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக, கணினித் தரவை அழிக்கும் நாட்பெட்யா என்ற தீநிரல் பரவி, மேர்ஸ்கையும் தாக்கியது. அது பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தபோதிலும், கணினியின் நினைவகத்தில் தங்கியிருந்த கடவுச்சொற்களையும் அது திருடிப் பயன்படுத்தியதால், திருத்தம் நிறுவிய கணினிகளும் தப்பவில்லை. மேர்ஸ்கில், யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தமையால் தனிக் காப்புப்பிரதி தேவையில்லை என்று கருதப்பட்டிருந்தது. அவை அனைத்தும் ஒருசேர அழிந்தன. கானாவில் மின்வெட்டால் அணைந்துகிடந்த ஒன்றே ஒன்று மட்டும் பிழைத்தது. அதைக் கொண்டுதான் மீட்புப்பணி நகர்ந்தது. ஏறத்தாழ 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாட்களில் மறுபடி நிறுவினார்கள்.

நகல் வேறு, காப்புப்பிரதி வேறு. நகலில் பிழையும் உடனுக்குடன் நகலாகிவிடும். கணக்குப் பிரிவு, கிடங்கு, விருந்தினர் வைஃபை என வலையமைப்பைத் துண்டு துண்டாகப் பிரிப்பதும், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அவசியமே. ஆயினும் நான் முதலில் செய்தது, ஒரு வன்தட்டில் பிரதி எடுத்து, கேபிளைக் கழற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டியதுதான். அடுத்த வாரம் அதிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்த்தபோது, சம்பளப் பட்டியல் கோப்புறை மட்டும் பிரதியில் சேராமல் விடுபட்டிருந்தது.