ரிசல்ட் வந்த பிறகு காலேஜ் பார்க்கக் கிளம்பாதீர்கள்

மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மண்டபங்களில் வழிகாட்டி முகாம்கள் வரிசைகட்டும். பாதிக்கு மேல் ஆள் பிடிக்கிற வேலைதான். சீட் தீர்ந்துவிடுமோ என்ற பதற்றத்தில் இருக்கும் பெற்றோருக்கு அங்கே கேள்வி எழாது.

முதல் முகாமுக்குப் போகவேண்டியது பத்தாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில். ப்ளஸ் ஒன்னில் எடுக்கும் குரூப்தான் காரணம். இன்ஜினியரிங் (பி.இ.) சேர்க்கைக்கு அரசு நடத்தும் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200-இல் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியல் ஆளுக்கு 50. கணக்கில்லாத குரூப்பில் சேர்ந்துவிட்டு இரண்டு வருடம் கழித்து இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

நேரில் போய்ப் பார்ப்பதை ப்ளஸ் ஒன்னில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காலேஜில் செமஸ்டர் தேர்வு நடக்கும், இல்லாவிட்டால் ஆளே இருக்காது; பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை தோது. பள்ளிக்கு லீவு, காலேஜில் வகுப்பு நடக்கும். சரஸ்வதி பூஜையையும் காந்தி ஜெயந்தியையும் தவிர்த்து ஒரு வேலைநாளில் போங்கள். மழை பெய்தால் இன்னும் நல்லது, ஹாஸ்டல் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியே காலேஜுக்கு அழைத்துப் போகிறது. கட்டாயம் போகட்டும். ஆனால் கூட்டமாகப் போனால் ஆடிட்டோரியத்தைத் தாண்டி அதிகம் பார்க்க முடியாது, வீட்டாரோடு இன்னொரு தடவை போகத்தான் வேண்டும்.

ப்ளஸ் டூ அக்டோபரோடு இந்த அலைச்சலை முடித்துவிடுங்கள். எல்லை தாண்டினால் திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் ஐ.ஐ.எஸ்.டி. என்ற விண்வெளிக் கல்வி நிறுவனம் இருக்கிறது. அங்கே பி.டெக். சேர்க்கை ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் வழியாக. அதை எழுத ஜே.இ.இ. மெயின் தேறியிருக்க வேண்டும். இதை மே மாத முகாமில் கேள்விப்பட்டு என்ன செய்ய?

லேப்பில் மெஷினைப் பார்த்து அசந்து நிற்காமல், பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். கடைசியாகச் செய்த பரிசோதனைக்கு என்ன தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள், லேப் நடக்கிறதா என்று தெரிந்துவிடும். வேலைவாய்ப்புக் கணக்கில் "இத்தனை ஆஃபர்" என்பார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று கம்பெனி கிடைத்தாலும் அது மூன்றுதான். எத்தனை பேர் பதிவு செய்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று தலைக்கணக்காகக் கேளுங்கள். பஸ் கட்டணம், ஹாஸ்டல், பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். குலசேகரத்திலிருந்து தோவாளைப் பக்கத்துக் காலேஜுக்குப் போகிற பிள்ளையென்றால், காலேஜ் பஸ் காலையில் எத்தனை மணிக்கு எடுக்கிறது என்பது நாலு வருடத் தூக்கக் கணக்கு. அந்த பஸ்ஸில் வருகிற சீனியரிடமே கேளுங்கள், ஆபீஸில் சொல்லும் நேரத்துக்கும் அவன் சொல்லும் நேரத்துக்கும் வித்தியாசம் இருக்கலாம்.

முகாமில் முன்பணம் கட்டாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கவுன்சலிங்கில் போனால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்துப் போட்டால் இரண்டும் போச்சு. ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் திருப்பித் தரவேண்டும் என்பது யு.ஜி.சி. விதி.

கிளம்பும்முன் அந்தக் காலேஜின் கவுன்சலிங் கோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் புனிதர்கள் பெயரிலும் சாமிகள் பெயரிலும் ஒன்றுபோலத் தோன்றும் காலேஜ்கள் நிறைய. கவுன்சலிங்கில் காலேஜ் விருப்பப் பட்டியல் (சாய்ஸ்) போடும்போது பெயரை மட்டும் நம்பினால், பார்த்துப் பிடித்த காலேஜுக்குப் பதில் வேறொரு மாவட்டத்துக் காலேஜ் பட்டியலில் ஏறிவிடும்.